நாங்கள் தலைகீழான குடும்பம் அல்ல

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

('சம்பந்தி' என்ற சொல்லை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன். அழிப்பதும் அழுத்தி எழுதுவதும் தங்கள் விருப்பம்.)

இங்கு நான், மனைவி, மகள், கூடவே இருக்கும் மனைவியின் தம்பி ஆகிய நால்வரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தபோது நாங்கள் அவ்வளவு நலமாகத் தெரிந்திருக்க மாட்டோம். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். "யோசிச்சுச் சொல்றோம்" என்று தாங்கள் சொல்லி நாலு நாள் ஆகிறது. போன் செய்து கேட்கலாம் என்றால், தாங்களோ கணக்கு வாத்தியார், நானோ கணக்கு வகுப்பில் பாதி நாள் பெஞ்சு மேல் நின்றவன். நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் லேப்டாப். வயது எட்டு. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து வந்தால்தான் கண் திறக்கும். இரண்டு குடும்பமும் பெரிய திரையில் முகம் பார்த்துப் பேசட்டும் என்று என் மகள் அதற்குள் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்று வேறொரு சிஸ்டத்தை ஏற்றினாள். பெயரைக் கேட்டதும் அரிப்புக்குப் போடும் களிம்பு என்று நினைத்தேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, கிழட்டு வண்டி புது வண்டி மாதிரி ஓடியது. ஒரே குறை, வைஃபை வரவில்லை. என்னம்மா என்று கேட்டால், "டிரைவர் இல்லப்பா" என்கிறாள். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பார்த்து டிரைவர் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அது வைஃபையை ஓட்டுகிற வேறு டிரைவராம், இன்டர்நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டுமாம். சரி, இன்டர்நெட்டுக்குப் போ என்றால், போவதற்கு அந்த டிரைவர் வேண்டுமாம். அதாவது பஸ் டிப்போவில் நிற்கிறது, டிரைவர் அந்த பஸ்ஸில் ஏறித்தான் டிப்போவுக்கு வர வேண்டும். கடைசியில் போனை ஒயரால் கட்டி எப்படியோ அவரைக் கூட்டிவந்துவிட்டாள்.

ஞாயிறு மாலை, தாங்கள் கூப்பிடப் பத்து நிமிஷம் இருக்கும்போது கேமராவைத் திறந்தால் நாங்கள் எல்லோரும் தலைகீழாகத் தொங்குகிறோம். "கேமராவை உள்ள மாட்டுனவங்களே தலைகீழா மாட்டியிருக்காங்கப்பா. பழைய சிஸ்டம் அதைத் திருப்பிக் காட்டிச்சு, இது உள்ளதை உள்ளபடி காட்டுது" என்றாள். உள்ளதை உள்ளபடி காட்டுகிற நேரமா அது? சரிசெய்ய ஒரு மணி நேரம் வேண்டும் என்றாள். அதற்குள் தாங்கள் கூப்பிட்டுவிட்டீர்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்த இடத்தில் முழுக் குற்றமும் என்னுடையது, மகளுக்குச் சம்பந்தமில்லை. லேப்டாப்பையே கவிழ்த்துப் பிடித்தால் நாம் நேராகத் தெரிவோமே என்றேன். மைத்துனர் தச்சு வேலை செய்பவர், கை வலு உள்ளவர். மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் ஏறி, கீபோர்டு எங்கள் தலைக்கு மேல் கூரை மாதிரி வர, திரை கீழே தொங்க, குடை பிடிப்பது போல் பிடித்தார். தங்கள் பக்கத்துக்கு நாங்கள் நேரானோம். எங்கள் திரையில் தாங்கள் தலைகீழானீர்கள்.

"ஐயையோ, இப்ப அவங்க தலைகீழா தெரியறாங்களே" என்று கத்தியது என் மனைவி. தங்களைத் தலைகீழாகப் பார்த்துப் பேசுவது மரியாதையா என்று நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "தலையை நேரா வையுங்க, சுளுக்கு விழுந்த ஆளுன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்றாள். "மாமா, சீக்கிரம் பேசி முடிங்க, கை போகுது" என்றார் மைத்துனர். கை போன வேகத்தில் கேமராவும் சாய்ந்து, மார்புக்குக் கீழே தெரியாது என்ற தைரியத்தில் இஸ்திரிச் சட்டைக்குக் கீழே நான் போட்டிருந்த பெயிண்ட் கறை படிந்த அரைக்கால் டவுசரைக் காட்டிவிட்டது. அப்போதும் தாங்கள் மூவரும் கண் சிமிட்டவில்லை, அசையவில்லை, "சரி", "சந்தோஷம்", கடைசியில் அந்த "யோசிச்சுச் சொல்றோம்" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் என்னை நாலு நாளாகக் கொல்கிறது. திட்டியிருந்தால் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

மகள் கேமராவை அன்றைக்கே சரிசெய்துவிட்டு, தினமும் அதைத் திறந்து, நேராக இருக்கிறதா என்று பார்த்து மூடி வைக்கிறாள். தங்கள் மகனைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "அவசரப்படாத ஆளுப்பா." இருபத்தாறு வருஷத்தில் அவள் யாரையும் இவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதில்லை. ஆகவே டவுசரை என் கணக்கில் வைத்துக்கொண்டு அவளை மன்னிக்க வேண்டுகிறேன். லினக்ஸ்தான் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே அதைத் துரத்திவிடுகிறேன்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. எல்லோரும் நோயில்லாமல், சுளுக்கில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: கவரில் போடப் போகும்போது தங்கள் மகன் போன் செய்தார். அவரும் போன வாரம்தான் தங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றினாராம். எங்கள் படம் தங்களுக்குத் தெரியவே இல்லையாம், ஒரே கருப்பாம். குரல் மட்டும் கேட்டதாம். "தலைகீழா தெரியறாங்களே" என்று என் மனைவி கத்தியதைக் கேட்டு, கோளாறு தங்கள் பக்கம்தான் என்று பயந்து, அசைந்தால் இன்னும் மோசமாகிவிடும் என்று மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களாம். வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாளாகப் போனும் செய்யாமல், மன்னிப்புக் கேட்டு எங்களுக்கு ஒரு கடிதமும் போட்டிருக்கிறீர்களாம். ஆகவே மேலே உள்ள எதையும் தாங்கள் பார்க்கவில்லை, கடிதத்தில் படித்ததோடு சரி. கிழித்துவிடலாம் என்றேன். "அனுப்புங்க, என்ன குடும்பம்னு தெரிஞ்சே வரட்டும்" என்கிறாள் மனைவி. பிள்ளைகள் இருவரும் ஒரு மணி நேரமாகப் போனில் தங்கள் லேப்டாப்பை எப்படிச் சரிசெய்வது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணத் தேதியைப் பேச மட்டும் தாங்கள் நேரில் வந்துவிடுங்கள். நேரில் நாங்கள் நேராகத்தான் இருப்போம்.