என் வர்மமும் செல்லையாவின் இரண்டு கைகளும்

எனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று இருபத்தெட்டு வயது வரை நம்பியிருந்தேன். அந்த இருபத்தெட்டு வயதுக்காரன் இப்போது கையில் கிடைத்தால் செவிட்டில் இரண்டு வைப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் வாத்தியார் வேலை. அப்பா இல்லாத வீட்டுக்கு நான்தான் பெரியவன் (திமிருக்குக் கேட்க வேண்டுமா?). தங்கை தங்கத்தை ஆவணியில் செல்லையாவுக்குக் கொடுப்பதாக நிச்சயமாகியிருந்தது. நல்ல பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சடுகுடு ஆட்டத்தில் அந்த நல்ல பையன் என் இடுப்பைக் கட்டிப்பிடித்து மணலில் கவிழ்த்துவிட்டான். என் வகுப்புப் பிள்ளைகளெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் திடீரென்று காய்ச்சல். தலை வெடித்தது. கண்ணை உருட்டினால் குழிக்குள் குத்தியது. இடுப்பும் முட்டும் யாரோ ஒடித்துப் போட்டதுபோல வலித்தன. கஞ்சிகூடக் கசந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது, இது வர்மம்! இடம் பார்த்து விரல் பட்டால் ஆள் நாள் கணக்கில் சாவான் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வர்ம ஆசானை வரவழைத்தேன். அவர் என்னைத் தொடும் முன்பே நோயையும் குற்றவாளியையும் நானே சொல்லிவிட்டேன். மனிதர் மறுக்கவில்லை.

"இடம் பாத்துத்தான் பிடிச்சிருக்கான், சாரே. தொண்ணூறு நாளு கெடு," என்றார்.

பிறகு தைலத்தை ஊற்றி மூட்டு மூட்டாகப் பிசைந்தார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம் (அம்மா சொல்வது, நான் நம்பவில்லை). கூச்சல் அடங்கியதும், படுத்தபடியே செல்லையாவின் அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன்: 'கொலைகாரனுக்கு எங்கள் வீட்டில் பெண் இல்லை.'

தங்கம் கொதித்துப் போய் வந்தாள். "ஆட்டத்துல தோத்ததுக்கு எனக்க கல்யாணத்த முடக்குதியா, அண்ணே?"

"நான் சாகப் போறேன்டி!"

"சாவு. கடுதாசி எழுதாம சாவு."

ஆனால் கடிதம் போய்விட்டது. கல்யாணம் நின்றது. அவள் அழவில்லை, என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் "தைலம்!" என்று ஆசான் துள்ளினார். மறுநாள் காய்ச்சல் திரும்பி வந்தது. கூடவே மார்பிலும் கையிலும் சிவப்புத் தடிப்பு. தங்கம் வில்வண்டி பிடித்து, வாயைத் திறக்காமல் என்னை நெய்யூர் டாக்டரிடம் கொண்டுபோனாள்.

"காய்ச்சல் எப்ப வந்தது?" என்று கேட்டார் டாக்டர்.

"செல்லையா பிடிச்ச அஞ்சாம் நாள்."

"கண்ணை அசைச்சா வலிக்குதா?"

"வலிக்குது. அவன் என் கண்ணைப் பாத்துட்டேதான் பிடிச்சான்."

டாக்டர் என்னை விட்டுவிட்டுத் தங்கத்திடம் திரும்பினார். "தெருவில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?"

"ஏழு வீட்டுல உண்டு, டாக்டரே. வர்ம ஆசானும் நேத்து படுத்தாச்சு. செல்லையாவும் கிடக்காரு."

"செல்லையாவை யார் பிடித்தது?" என்று என்னைக் கேட்டார் டாக்டர்.

இது டெங்கு, கொசு கொண்டுவருவது என்றார். திடீர்க் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பு முறிகிற குடைச்சல், விட்டுத் திரும்பி வரும் சூடு, தடிப்பு, எல்லாம் சேர்ந்திருக்கிறது. படுத்துக் கிட, தண்ணீர் குடி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கண்டால் ஓடி வா, இனி யாரையும் உடம்பைப் பிசைய விடாதே என்றார். வீட்டில் எங்காவது தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்றும் கேட்டார்.

"நிக்குவு. எறும்பு ஏறப்பிடாதுன்னு இவனுக்க கட்டில் காலு நாலுக்கும் கிண்ணத்துல தண்ணி. மாசக் கணக்கா மாத்தல்ல. உள்ள புழு நெளியுவு," என்றாள் தங்கம்.

கொலைகாரர்களை என் முதுகுக்குக் கீழேயே வளர்த்திருக்கிறேன். அப்போது எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுதாக இறங்கவில்லை. ஆசான் மேல் பாதி, மீதி யார் மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடக்கத் தெம்பு வந்ததும் செல்லையா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பாயில் சுருண்டு கிடந்தவன் பெரிய மனதோடு தலையாட்டினான் என்றுதான் நினைத்தேன். நின்றுபோன கல்யாணம் மறுபடி நிச்சயமானது. கல்யாணத்தன்று பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையைக் கைபிடித்துப் பந்தலுக்குள் அழைத்து வர வேண்டும். நான் கையை நீட்டினேன். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம் மச்சான். பொறவு எங்கய்யாவுக்குக் கடுதாசி வரும்."

பந்தலே சிரித்தது. நாதஸ்வரக்காரரால் ஊத முடியவில்லை.

போன மாதம் குளத்துப் படியில் வழுக்கி விழுந்தேன். எழுபதை எட்டிய செல்லையா ஓடி வந்து மேல்படியில் நின்றான், கைகள் முதுகுக்குப் பின்னால்.

"மச்சான், தூக்குதேன். தொட்டது வர்மமில்லேன்னு முதல்ல எழுதித் தாறியளா?"

நான் சேற்றில் கிடந்தபடியே திட்டினேன். தங்கம்தான் வந்து தூக்கிவிட்டாள், அவளும் சிரித்துக்கொண்டே.