ஒளிக்கண்ணர் பார்த்த செருப்பு

ஞானக்கண்ணால் வீட்டுக் குறையைப் பார்த்துச் சொல்லும் சாமியார் ஒளிக்கண்ணர் வருகிறார் என்றால் தெருவே பெருக்கிவிட்டுக் காத்து நிற்கும். வாசலிலேயே நின்று கண்ணை மூடுவார். உடம்பை ஒரு ஆட்டு ஆட்டுவார். உள்ளே காலை இழுத்து நடக்கிற பெண் இருக்கிறாள், வீட்டுக்குத் தடை அவள்தான் என்பார். பார்த்தால், இருப்பாள். கூட்டம் வாயைப் பிளக்கும்.

பரிகாரம் சுலபம். அவருடைய மச்சான் நடத்தும் காப்பகத்துக்கு அவளை அனுப்பிவிட வேண்டும். அங்கே விடிந்தது முதல் இருட்டும் வரை அட்டைப்பெட்டி ஒட்டலாம். கூலி? புண்ணியம்தான்.

தையல்காரிக்கு இடது கால் சூம்பியது. வலது காலால் மிஷின் மிதித்தே தம்பியை ஆளாக்கினாள். இப்போது தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள். விருந்தாளி வந்தால் அக்காவுக்குப் பின்னறை. இரண்டு இடம் தட்டிப்போனதும் அவன் ஒளிக்கண்ணரை வரச்சொல்லிவிட்டான். அவள் துணிகளைப் பையில் கட்டியும் வைத்துவிட்டான். பாசக்காரன், சோப்புகூடப் புதுசு.

அந்த ஞானக்கண் குருட்டுப் பெண்ணையோ செவிட்டுப் பெண்ணையோ ஏன் ஒருநாளும் கண்டுபிடிக்கவில்லை? தையல்காரிக்கு மட்டும் இது உறுத்தியது. போன வாரம் பக்கத்து வீட்டுக்கு அவர் வந்தபோது ஜன்னல் வழியே கவனித்தாள். கண்ணை மூடுமுன் அவர் பார்த்தது வானத்தை அல்ல, வாசலில் கிடந்த செருப்புகளை. ஒரு ஜோடியில் ஒன்று மட்டும் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது, அவளுடையதைப் போலவே. அன்று சாயங்காலமே அந்த வீட்டுப் பெண்ணை வண்டியில் ஏற்றினார்கள்.

இன்று காலை, அவர் வருமுன், தன் செருப்பை எதிர்வீட்டு வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு திரும்பினாள். எதிர்வீடு ஜவுளிக்கடை அம்மாவுடையது. ஒளிக்கண்ணரை முதலில் தன் வீட்டுக்குத்தான் என்று அடம்பிடித்து அழைத்திருந்தவர்.

ஒளிக்கண்ணர் அங்கே நின்றார், மூடினார், ஆடினார். உள்ளே கால் ஊனமான பெண் என்றார்.

"ஐயா, இந்த வீட்ல பொம்பளைன்னா நான் ஒருத்திதான்" என்ற அந்த அம்மா, குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டினார். குதித்தும் காட்டினார்.

"வரப்போற மருமகளா இருக்கும்."

"எனக்கு மகனே இல்லீங்களே."

ஒளிக்கண்ணர் அவசரமாக இந்தப் பக்கம், தையல்காரி வீட்டுக்கு வந்தார். வாசலில் தம்பியின் செருப்பு மட்டும். மூடினார், ஆடினார். "சுத்தமான வீடு. ஒரு குறையும் கிடையாது."

தையல்காரி காலை இழுத்து வெளியே வந்தாள். தெருவைக் கடந்து, தன் செருப்பை மாட்டிக்கொண்டு நிதானமாகத் திரும்பினாள்.

"அந்தக் குறை நான்தாங்கய்யா. செருப்பை எதிர்ல விட்டிருந்தேன். உங்க ஞானக்கண்ணும் அங்கேயே நின்னுடுச்சு."

யாரோ சிரித்தார்கள். பிறகு தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மகளைக் கூட்டிவர வண்டி தேடி ஓடினார். ஒளிக்கண்ணர் இன்னும் வேகமாக ஓடினார்.

தம்பி தலையைச் சொறிந்துகொண்டே, உள்ளே வா அக்கா என்றான்.

"பையை நீயே அவிழ்த்து வை. கட்டினவன் நீதானே."

அந்த ஆள் கண்டுபிடித்தது வெறும் செருப்பை. பெண்ணைப் பின்னறையில் ஒளித்து வைத்தது யார்? கண்ணை மூடிக்கொண்டு யோசிக்காதீர்கள். அது அவருடைய தொழில்.