சேஷன் கணக்குப் போட்ட உத்தரம்

மாடியில் சிறுமிகள் ஒன்றாகத் தட்டடவு போட்டபோது சேஷனின் காபியில் சுண்ணாம்புத் துணுக்கு விழுந்தது.

சேஷன் அரசாங்க டிசைன் ஆபீஸில் எஞ்சினீயர். பகலெல்லாம் உத்தரங்களுக்குக் கணக்குப் போட்டுவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலாவது அமைதி வேண்டும். சாலை பஜாருக்குப் பக்கத்தில் இவ்வளவு வசதியான வாடகை வீடு வேறு அமையாது. மாடியிலிருக்கும் டான்ஸ் கிளாஸ்தான் காலி பண்ண வேண்டும்.

மாடிக்குப் போனான்.

"டீச்சர், இது பழைய உத்தரமாக்கும். எல்லாரும் நடுவிலே குதிச்சா வளையும்."

சரசம்மா டீச்சர் பதறினாள். "ஐயோ, கொச்சுப் பிள்ளைகளாக்கும் சாரே! சுவரோரம் நிறுத்தி ஆட வைக்கறேன், போதுமா?"

சுவரோரத்துக்கு நேர் கீழே சேஷனின் கட்டில்.

மறுநாள் கணக்குப் போடும் ஸ்லைடு ரூலுடன் போனான்.

"நடுவிலேன்னா வளையறது. சுவரோரம்னா ஷியர். உத்தரத்தோட மேல்பாதி ஒரு பக்கம், கீழ்பாதி ஒரு பக்கமா வழுக்கப் பாக்கும். மரம் நீளவாட்டிலே பிளந்துடும்."

"அப்போ எங்கேயாக்கும் ஆடறது?"

"ஆடாம இருந்தா உத்தமம்."

டீச்சர் யோசித்தாள். "ஆள் குறைஞ்சா பாரம் குறையுமில்லியா?"

"குறையும்," என்றான் சேஷன். கணக்கில் பொய் சொல்ல அவனுக்கு வராது.

அன்றுமுதல் பாதிப் பேருக்குக் காலையில் கிளாஸ், மீதிப் பேருக்குச் சாயங்காலம்.

"இப்போ உத்தரத்துக்குச் சுகம்தானே சாரே?" என்று மாடிப்படியிலிருந்து விசாரித்தாள் டீச்சர்.

சேஷன் மறுபடி கணக்குப் போட உட்கார்ந்தான். ஷியர் ஸ்ட்ரெஸ் எல்லைக்குள்தான் இருந்தது. பொய் சொல்ல வராது. ஆனால் 'என்று வைத்துக்கொள்வோம்' என்பது பொய் அல்ல. உத்தரத்தின் பாதி உயரத்தில், நெடுக ஒரு விரிசல் இருப்பதாக வைத்துக்கொண்டான். எல்லை தாண்டியது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் பகவதிப்பெருமாளிடம் போனான். இரும்புக் கடைக்காரர், எண்களுக்கு மரியாதை தருகிறவர். பக்கத்தில் அவர் மனைவி நாச்சியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்போ உத்தரம் விழுந்திருமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"இப்படியே ஆடினா ஒருநாள் விழும்."

"எஞ்சினீயர் சொன்னா சரியாத்தான் இருக்கும். காலி பண்ணச் சொல்லிர வேண்டியதுதான்."

சேஷன் நிம்மதியாகக் காகிதத்தை மடித்தான்.

நாச்சியார் கீரையிலிருந்து தலை தூக்கினாள். "ஆமா, விழுந்தா இவரு தலையிலல்லா விழும்! சாரு இந்த மாசமே காலி பண்ணட்டும், டீச்சர் கீழ வந்து தரையில ஆடட்டும்."