புனிதமலர் கொண்டுவந்த பொட்டலம்

நான்காம் வகுப்புப் புனிதமலர் மேசையில் வைத்த பொட்டலத்திலிருந்து ஒரு திரி நீட்டிக்கொண்டிருந்தது.

தில்லைநாதன் வாத்தியார் கதிரையை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினார்.

"என்ன பிள்ளை இது?"

"வெடி, வாத்தியார். நீங்கள்தானே கொண்டரச் சொன்னனீங்கள்."

சொன்னது உண்மைதான். நேற்று அவர் பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கிடக்கும் நந்திக்கடல் என்ற களப்பைப் பற்றிப் பாடம் நடத்தினார். கடலிலிருந்து இறால் குஞ்சுகள் இந்த உப்புக் களப்புக்குள் வந்துதான் வளருகின்றன. வெடி போட்டு மீன் பிடித்தால் குஞ்சும் சாகும், தாயும் சாகும், பிறகு ஊரே பட்டினி கிடக்கும் என்றார். பேச்சு வேகத்தில், "வீட்டிலை இருக்கிற வெடியை நாளைக்கு ஒளிக்காமல் கொண்டந்து இந்த மேசையிலை வையுங்கோ" என்றும் சொல்லிவிட்டார்.

1957இல் யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவுக் கரைக்கு மாற்றலாகி வந்தவர் அவர். வெடியைக் கண்ணால் கண்டதில்லை.

"அப்பான்ரையோ?"

"ஓம்."

அவள் கண்கள் அழுது வீங்கியிருந்தன. தகப்பனுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறாள் போலும். தகப்பன் ஞானப்பிரகாசம் தனி ஆளாக வள்ளம் தள்ளுகிறவன். வாத்தியார் ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்தார்.

பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கி அலுமாரிக்குள் வைத்தார். அந்த அலுமாரிக் கதவு உதைத்தால்தான் மூடும். தூக்கிய காலை அப்படியே இறக்கினார்.

நனைத்துவிட்டால் வெடிக்காது என்று தோன்றியது. தண்ணீர் வாளி குசினியில் இருந்தது. பொட்டலத்தோடு உள்ளே போன பிறகுதான் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சும் அடுப்பு எரிவது தெரிந்தது. விறகு படாரென்று வெடித்து, ஒரு பொறி பறந்து அவருடைய சட்டைக் கையில் விழுந்தது.

"வெடி, வெடி, ஓடுங்கோ" என்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

பிள்ளைகள் ஓடினார்கள். அவருக்குப் பின்னாலேயே ஓடினார்கள்.

களப்பில் முழங்கால் அளவு தண்ணீர் வந்ததும், எறிவதற்குக் கையை ஓங்கினார்.

"வாத்தியார், போடாதேங்கோ" என்றாள் கரையில் நின்ற றோஸ்மேரி.

"ஏன்?"

"றால் குஞ்சு சாகும்."

"தாயும் சாகும்" என்றான் பாலன்.

"பிறகு ஊரே பட்டினி கிடக்கும்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

இவ்வளவு அருமையாக எந்தப் பாடத்தையும் அவர்கள் ஒப்புவித்ததில்லை. கரையில் பிள்ளைகள், தண்ணீரில் இறால் குஞ்சுகள். எங்கே எறிவது என்று தெரியாமல், பொட்டலத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி வாத்தியார் நின்றார். செபமாலை சொல்லத் தெரியாததால் தேவாரம் சொன்னார். அதிலும் பாதி மறந்துபோயிற்று.

சத்தம் கேட்டு ஞானப்பிரகாசம் துடுப்பும் கையுமாக ஓடிவந்தான்.

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். "பிள்ளையை அடிக்காதேங்கோ. நான்தான் கொண்டரச் சொன்னனான்."

ஞானப்பிரகாசம் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எங்கட வீட்டிலை வெடி ஏது, வாத்தியார்? கொண்டு போகாட்டி நீங்கள் அடிப்பியள் எண்டு பெட்டை விடிய விடிய அழுதாள், அதுதான் களிமண்ணிலை ஒண்டு உருட்டிக் குடுத்தனான், சரியா வந்திருக்கோ?"