வெயில் முதலாளி

மதுரையில் பிறந்து மதுரை வெயிலைத் திட்டாத ஒரே மனுசன், விளாங்குடியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். மேகம் வந்தால்தான் திட்டுவார்.

எல்லாம் அரசாங்க மானியம் செய்த வேலை. மொட்டை மாடியில் சோலார் தகடு போட்டார். மானியம் வங்கியில் ஏறிய அன்றைக்குத் தெருவுக்கே அல்வா கொடுத்து, இனி நானும் கவர்மெண்டும் பங்காளி என்றார். அன்றிலிருந்து அவர் பெயர் வெயில் முதலாளி. சொந்தப் பெயர் ரேஷன் கடைக்கு மட்டும்தான் தெரியும்.

விடிந்ததும் தகடுகளைக் குளிப்பாட்டுவார். மாட்டுப் பொங்கலுக்குக்கூட மாட்டை அப்படித் தேய்த்து நான் பார்த்ததில்லை. மீட்டர் பார்க்க ஆள் வந்தால், கரண்டு ஆபீசுக்கே கரண்டு கொடுக்கிறவன் நான், கொஞ்சம் மரியாதையாகக் குறித்துக்கொள் என்பார். உசிலம்பட்டியிலிருந்து வந்த என் தம்பி, மானாவாரிக்காரன், ஒரு மழை பெய்தால் தேவலை என்று பெருமூச்சு விட்டான். அவன் கையிலிருந்த காப்பியைப் பிடுங்காததுதான் குறை.

ஒருநாள், மின்கம்பத்தில் வேலை இருக்கிறது, பகல் முழுக்கக் கரண்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கோ அது ஆகாத நாள். கடைசி மகனுக்குப் பேசி முடித்த பெண் வீட்டார், மறுநாள் காலைப் பலகாரத்துக்கு முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கடை மாவில் இட்லி ஊற்றிச் சம்பந்தியை உட்கார வைக்கிற குடும்பமில்லை எங்களுடையது.

"அக்கா, நான் இருக்கேன்ல?" என்றார் வெயில் முதலாளி. "ஊருக்கே கரண்டு போனாலும் என் வீட்டுல ஓடும். அம்புட்டுப் பேரும் அரிசியத் தூக்கிட்டு வாங்க."

போனோம். அவர் வீட்டுக் கிரைண்டருக்கு முன்னால் தெருப் பாத்திரமெல்லாம் வரிசை கட்டி நின்றது. முதல் ஈடு உளுந்தைப் போட்டதும் ஊரில் கரண்டு நின்றது. கிரைண்டரும் நின்றது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே மின்விசிறி அசையவில்லை.

மாடிக்கு ஓடினார். தகட்டைத் தட்டிப் பார்த்தார். மாட்டிக் கொடுத்தவருக்குப் போன் போட்டார். கம்பத்தில் ஏறியவர் மேல் கரண்டு பாயக்கூடாது என்று, ஊர்க் கரண்டு நின்றால் இதுவும் தானாக நின்றுகொள்ளுமாம். நிற்காமல் ஓட வேண்டுமென்றால் அதற்குத் தனியாகப் பேட்டரி வைத்திருக்க வேண்டுமாம். தண்டச் செலவு என்று இவர்தான் அதை வேண்டாம் என்றிருக்கிறார்.

எதிர்வீட்டுப் பாத்துமாதான், "என்னண்ணே, உங்க பங்காளி கைய விரிச்சுட்டாரே" என்றாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. "ஊற வச்ச அரிசிய நான் என்னப்பா செய்ய? சம்பந்தி வந்து அள்ளி மெல்லவா?"

மனுசன் முகம் செத்துவிட்டது. உள்ளே போய் இரண்டு பெரிய வாளி கொண்டுவந்தார். அத்தனை பாத்திரத்தையும் அவர் மொபெட்டில் கட்ட முடியாது. எல்லார் அரிசியையும் ஒன்றில் கொட்டினார், எல்லார் உளுந்தையும் இன்னொன்றில் கொட்டினார். ஐயையோ என்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. சோழவந்தானில் அவர் தங்கச்சி வீட்டில் அன்றைக்குக் கரண்டு இருந்ததாம்.

பொழுது சாயத் திரும்பி வந்தார். சட்டையில் மாவு, மீசையில் மாவு, புருவத்திலும் மாவு.

"யாரு மாவு யாரோடதுன்னு மட்டும் கேக்காதீங்கக்கா. மொத்தமா ஆட்டிட்டேன்."

கரண்டியால் பங்கு போட்டுக்கொண்டோம். மறுநாள் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் ஒரே ருசி. சம்பந்தியம்மா நாலு இட்லி சாப்பிட்டு, இன்னும் இரண்டு கேட்டு வாங்கி, என்ன பக்குவம் இது என்றார். எங்கள் குடும்பத்துக் கை அப்படி என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த அம்மா வாசலில் கால் வைப்பதற்கு முன்பே, ஒரு தூக்குவாளி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. முதல் ஈடு வெயில் முதலாளிக்கு. அன்றைக்குச் சாமிக்கே இரண்டாவது ஈடுதான்.