முப்பதாயிரம் ரூபாய் மரியாதை

நான் ஒரு முட்டாள். நானே சொல்லிவிடுகிறேன், விட்டால் என் மனைவி செல்வி இன்னும் விரிவாகச் சொல்வாள்.

எங்கள் தோட்டத்து வட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். "தெரிந்தவர் பெயரில் காசு கேட்டு மெசேஜ் வந்தால், முதலில் ஒரு கோல் எடுத்துக் குரலைக் கேளுங்கள்" என்று வாராவாரம் போதித்தவனும் நானே. (கீழே கைகூப்பும் படம் வேறு.)

செல்வியின் அண்ணன் ரவி வரக்காப்பொலயில் கடை வைத்திருக்கிறான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். தங்கையின் புருஷனை 'வாங்க மாப்பிள்ளை' என்றல்லவா அழைக்க வேண்டும்? அவனோ மணவறையிலேயே, "டேய் மொட்டை, நேரா உக்காருடா" என்றான். (அப்போது எனக்கு நிறைய முடி இருந்தது.)

மழைக்கு முன் குசினிக் கூரையை மாற்றத் தகரம் வாங்க பெல்மதுளைக்குப் போயிருந்தேன். கடை முதலாளி தகரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது ரவியிடமிருந்து மெசேஜ்: "வணக்கம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? எனக்கு அவசரமாக முப்பதாயிரம் தேவைப்படுகிறது. மாலையில் திருப்பித் தருகிறேன்."

நீங்கள்! பதினைந்து வருடமாகக் காத்திருந்த சொல். கண் கலங்கிவிட்டது. காசு கேட்டதைவிட மரியாதை கொடுத்ததே பெரிதாகத் தெரிந்தது. அவன் தந்த கணக்குக்குத் தகரக் காசை அப்படியே அனுப்பினேன். அதன் பிறகுதான், நன்றியைக் காதால் கேட்கும் ஆசையில், கோல் எடுத்தேன்.

"காசு போட்டுட்டேன், மச்சான்."

"எந்தக் காசுடா, மொட்டை?"

யாரோ கேட்டார்கள் என்று, போனுக்கு வந்த ஆறு இலக்க நம்பரைக் காலையில் சொல்லியிருக்கிறான் ரவி. அதோடு அவன் வட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போய்விட்டது. உடனே வங்கிக்கு அழைத்தேன். காசு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதாம்.

"கோ மாத்தயா, சல்லி?" என்று முதலாளி சிங்களத்தில் காசைக் கேட்டார். நான் விழித்த விழியைப் பார்த்து, தகரக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

அந்த மழைக்காலம் முழுவதும் செல்வி அடுப்புக்குப் பக்கத்தில் வாளி வைத்துத்தான் சமைத்தாள். "எங்கண்ணன் ஒங்களுக்கு மரியாத குடுத்தப்பவே தெரிய வேணாமா, அது வேற ஆளுன்னு?" என்று வாளித் தண்ணீரை ஊற்றும்போதெல்லாம் கேட்பாள். இப்போது விருந்தாளிகளுக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

போன தைப்பொங்கலுக்கு ரவி வந்தான். புதுத் தகரத்தின் கீழ் உட்கார்ந்து சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன்: "இனிமேயாவது என்னைய 'நீங்க'ன்னு கூப்பிடக் கூடாதா, மச்சான்?"

அவன் வடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்புறம் நான்தான்னு எப்பிடி நம்புவ, மொட்டை?"