நீரே எங்கள் நம்பிக்கை

மக்களோடு மக்களாகக் கரைந்துவிடுவது ஓர் அரிய கலை. மதுரை மாவட்டத்தில் அக்கலையின் ஒரே வித்தகன் அழகுபாண்டியாகிய நானே என்பதை மிகுந்த அடக்கத்தோடு பதிவு செய்கிறேன். சந்தேகம் உள்ளவர்கள் போன தேர்தலில் பேரையூர்ப் பக்கம் நான் செய்த பிரசாரத்தை செல்போனில் தேடிப் பார்க்கலாம். லட்சக்கணக்கானோர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். மன்னிக்கவும், சிலிர்த்திருக்கிறார்கள்.

என்னைச் செதுக்கியவர் ராம்கி. சென்னையிலிருந்து கட்சி அனுப்பிவைத்த ‘வியூக வல்லுநர்’. மதுரை அண்ணா நகரில் ஏசி ஷோரூம் நடத்திக்கொண்டிருந்த என்னை ‘மண்ணின் மைந்தன்’ ஆக்கும் பொறுப்பு அவருடையது. முதலில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி ஒன்றைக் கட்டிவிட்டார். பிறகு கண்ணாடி முன்னால் நிறுத்தி, “அம்புட்டுப் பேரும் சௌக்கியமா?” என்று சொல்லிப் பழக்கினார். நான் ‘எம்புட்டுப் பேரும்’ என்று உளறியதைக்கூட ‘எதார்த்தம்’ என்று மெச்சினார். பிரசார வண்டியில் என் படத்துக்குக் கீழே அவரே தீட்டிய வாசகம்: ‘நீரே எங்கள் நம்பிக்கை!’

பேரையூர் தாண்டி ஓர் ஊர் எல்லையில் பெண்கள் சாலையை அடைத்து நின்றார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் பிளாஸ்டிக் குடம்.

“சார், பூரணகும்ப மரியாதை! லைவ் ஓடுது, இறங்குங்க!” என்றார் ராம்கி.

பின் சீட்டிலிருந்த ஒன்றியச் செயலாளர் வீரணன், “அண்ணே, அது வந்து...” என்று இழுத்தார்.

“லோக்கல் ஆளுங்க ஃபிரேம்ல வர வேணாம்” என்று ராம்கி அவரை அமுக்கிவிட்டார்.

இறங்கினேன். கண் கலங்கிவிட்டது. இம்புட்டு அன்பா! என் கழுத்து மாலையைக் கழற்றி, முன்னால் நின்ற அம்மாளின் குடத்துக்குப் போட்டேன். “தாய்மார்களே! உங்கள் குடங்கள் இன்று போல் என்றும் இருக்க நான் பாடுபடுவேன்!” என்று முழங்கினேன்.

கைதட்டல் இல்லை. உணர்ச்சிப் பெருக்கில் கை எழவில்லை போலும்.

அந்த அம்மாள் பெயர் முருகம்மாள். “தம்பி, குடத்துக்குள்ள கொஞ்சம் எட்டிப் பாருங்க” என்றார்.

பார்த்தேன். “உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா?”

“அதுக்குத்தான் நிக்கிறோம். போர் மோட்டாரு எரிஞ்சு மாசக்கணக்காச்சு. சொட்டுத் தண்ணி இல்ல. இது மறியலு.”

“அடடா! யாரை எதிர்த்து?”

“ஓட்டுக் கேட்டு யாரு வாராகளோ, அவுகள எதிர்த்து.”

“அப்படியா? எப்ப வாராங்க?” என்று நான் கேட்டதைத்தான் எதிர்க்கட்சிக்காரர்கள் பிறகு மெட்டுப் போட்டுப் பாட்டாகவே வெளியிட்டார்கள்.

வெயில் கொளுத்தியது. ராம்கி நீட்டிய பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, அவர்கள் துயரத்தில் பங்கெடுத்தேன். “எங்க வீட்டுக் குழாயிலயும் தண்ணி வராதும்மா. கேன் போட்டுக்குவோம். நீங்களும் போட்டுக்கலாமே?”

“எம்புட்டு நல்ல யோசனை!” என்றார் முருகம்மாள். “எங்க புத்திக்கு எட்டாமப் போச்சே!” பிறகு வண்டியைக் காட்டினார். “அதுல நீருன்னு எழுதியிருக்கே தம்பி, அதையாவது இறக்கிவச்சிட்டுப் போங்க.”

மாலைக்குள் நான் பிரபலம். “வைரல் சார்! எதிர்க்கட்சியே ஷேர் பண்றாங்க!” என்று ராம்கி துள்ளினார். “நம்ம வீட்டுக்குக் கேன் போடுறவரே சிரிச்சுக்கிட்டுப் போறாரு” என்றாள் என் மனைவி மீனா.

வீரணன் மட்டும்தான் அக்கறையாகப் பேசினார். “அண்ணே, காலையில என் பைக்குல வாங்க. கேமராவும் வேணாம், வல்லுநரும் வேணாம்.”

போனேன். முருகம்மாள் விரட்டவில்லை. உட்காரச் சொல்லி, எங்கோ தோட்டத்துக் கிணற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். கலங்கல், உப்பு. தொண்டையில் இறங்க மறுத்தது. துப்பவும் முடியவில்லை. அவர் அடுத்த நடை கிணற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அன்று எனக்கு மெய்யாகவே வெட்கமாக இருந்தது. ராம்கி சொல்லித்தராத உணர்ச்சி என்பதால் அதை முகத்தில் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“ஜெயிச்சா மொத வேலை மோட்டாருதாம்மா.”

“வாக்குத் தாரீகளா?”

தந்தேன். அவரும், அந்த ஊரே சேர்ந்து, தங்கள் வாக்கைத் தந்தார்கள். எண்ணும் நாளில் அவர்கள் தந்த வாக்கை மட்டும்தான் எண்ணினார்கள்; நான் தந்த வாக்கை யாரும் எண்ணவில்லை. நான் ஜெயித்தேன். “கோட்டித்தனமாப் பேசுனாலும் திரும்பி வந்தானே ஒருத்தன்” என்று முருகம்மாள் ஊரெல்லாம் சொல்லி ஓட்டுச் சேர்த்தாராம்.

இப்போது வீரணன் போன் போடுகிறார். “அண்ணே, அந்த மோட்டாரு...”

“பரிசீலனையில் இருக்கிறது” என்கிறேன். இந்தப் புதிய மொழி எனக்கு யாரும் சொல்லித்தராமலே வந்துவிட்டது. பதவியின் மகிமை.

எனக்கும் மக்களுக்கும் தொடர்பே விட்டுப்போனதாகச் சிலர் எழுதுகிறார்கள். அபாண்டம். இந்தத் தொகுதியை என்னைப் போல் அறிந்தவர் இல்லை. எந்த ஊரில், எந்தச் சாலையில், எந்நேரம் மக்கள் எனக்காகக் காத்து நிற்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. தெரியாமலா இத்தனை காலம் ஒருவர் கண்ணிலும் படாமல் தப்பித்து வருகிறேன்?